மூன்றாம் மாடியின் இரண்டு ஹெர்ஷெல்கள்

அன்புள்ள பெலா சித்திக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் படியை நான் ஏறினேன். கீழ்த்தளத்திலிருந்து மூன்றாம் மாடி வரை, ஒரு கதவையும் விடாமல். நடுவில் இரண்டு முறை நின்றேன். ஒருமுறை தண்ணீர் குடிக்க. இன்னொரு முறை எங்கே நின்றிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

உங்களுக்குத் தமிழ் தெரியாது. அதோடு நீங்கள் செத்துப்போய் நாலு மாதம் ஆகிறது. இந்த இரண்டில் எது பெரிய தடை என்று எனக்குப் புரியவில்லை. அதனால் இரண்டையும் கண்டுகொள்ளாமல் எழுதுகிறேன். நியூஜெர்சியில் நம் ஆட்கள் ஜெராக்ஸ் போட்டு வீட்டுக்கு வீடு அனுப்பும் சின்னப் பத்திரிகை இது. உங்களுக்குத் தெரிந்ததையே பல இடங்களில் உங்களிடம் சொல்வேன். பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறவர்களுக்குத் தெரியாதே, அதற்காக. பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுமை என்னிடம் ஸ்டாக் இல்லாத சாமான் என்று நீங்கள்தான் சொல்வீர்கள்.

நீங்கள் என்னிடம் பேசியது போலந்து இங்கிலீஷ். நான் பேசியது மெட்ராஸ் இங்கிலீஷ். இரண்டையும் இங்கே என் தமிழில் போடுகிறேன். அது ஒன்றும் மோசமான மாற்றமில்லை.

முதல்முதலில் உங்களிடம் வந்தது பேன்ட் குட்டை பண்ண. எடிசன் ரயில் ஸ்டேஷனுக்கு எதிரே சலவைக் கடை, கடைக்குப் பின்னால் ஜன்னலோரம் ஒரு தையல் மெஷின், மெஷினுக்குப் பின்னால் நீங்கள். இந்த நாட்டில் விற்கிற பேன்ட் எல்லாம் எனக்கு நாலு அங்குலம் நீளம். நீங்கள் தரையில் மண்டி போட்டு, வாய் நிறைய குண்டூசியை வைத்துக்கொண்டு மடித்துக் குத்தினீர்கள். என் கால் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கிறது என்று நானாகவே முனகினேன்.

"காலு சரியாத்தான் இருக்கு. பேன்ட்டுக்குத்தான் கர்வம்" என்றீர்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் ஆன்ட்டி என்று கேட்டேன். நம் ஊர்ப் பழக்கம். வாயில் தானாக வந்துவிட்டது. நீங்கள் வாயிலிருந்த ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தீர்கள். யாருக்கு ஆன்ட்டி என்றீர்கள். எங்கள் ஊரில் உங்கள் வயசில் இருக்கிற யாரையும் அப்படித்தான் கூப்பிடுவோம், தப்பாக நினைக்காதீர்கள் என்றேன்.

"தப்பில்ல. இதுவரைக்கும் யாரும் என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல. கூப்பிட வேண்டியவன் ஒருத்தன் இருந்தான். பேச ஆரம்பிக்கல."

அவ்வளவுதான். ஊசிகள் திரும்ப வாய்க்குள் போய்விட்டன. வியாழக்கிழமை வந்து வாங்கிக்கொள் என்று கையால் ஜாடை காட்டினீர்கள். நானும் அதைப் பற்றி மேலே யோசிக்கவில்லை. எனக்கு ஐந்து பதினைந்து வண்டியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

பிறகு சட்டைக் காலர், குளிர்கோட்டின் ஜிப் என்று எதையாவது தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். ஒருநாள் மத்தியான வேளையில் வந்தபோது நீங்கள் தைக்காமல் எழுதிக்கொண்டிருந்தீர்கள். துணியில் குத்திவிடுகிற ரோஸ் நிற டிக்கெட்டுகளின் பின்பக்கத்தில், ஒரு டிக்கெட்டுக்கு ஒரு ஆள். பெயர், வயசு, வீட்டு எண், கதவு. பக்கத்தில் மூன்று ஷூ பெட்டிகள் நிறைய அதே போல டிக்கெட்டுகள். ஒரு குடும்பத்து டிக்கெட்டுகளை ஒன்றாக அடுக்கி, ஓரத்தில் நூலால் நாலு தையல் போட்டுக் கோத்திருந்தீர்கள்.

என்ன இது என்று கேட்டேன். என் வீடு என்றீர்கள்.

கேட்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். போலந்தில் உங்கள் ஊரை ஜெர்மன்காரர்கள் பிடித்ததும் ஊரின் ஒரு மூலையை வேலி போட்டு அடைத்து, யூதர்கள் எல்லோரையும் அதற்குள் தள்ளினார்கள். கெட்டோ என்பது அதுதான். ஒரு அறையில் மூன்று குடும்பம். உங்களுக்குப் பத்தொன்பது வயசு. பட்டாளத்துக்கு உடுப்பு தைக்கிற பட்டறையில் வேலை. பிறகு கெட்டோவைக் காலி பண்ண ஆரம்பித்தார்கள். பெயர் போட்டு ஒரு சீட்டு வரும். மூட்டையோடு இன்ன இடத்துக்கு வந்து நில் என்று இருக்கும். வெளியூரில் வேலை என்று சொல்வார்கள். சரக்கு ரயிலில் ஏற்றுவார்கள். போய் இறங்கிய இடத்தில் வேலையும் இல்லை, ஊரும் இல்லை. விஷப்புகை அறைதான் இருந்தது.

உங்கள் மூன்று மாடி வீட்டில் இருந்தவர்களில் மிச்சம் நீங்கள் ஒருவர். அந்த ஊரிலிருந்து தப்பி அமெரிக்கா வந்தவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறீர்கள். வருஷத்துக்கு ஒரு ஞாயிறு, ஒரு ஜெபக்கூடத்தின் கீழ்த்தள ஹாலில் கூடி, ஆளுக்கு ஒரு வீடு என்று எடுத்துக்கொண்டு அந்த வீட்டுப் பெயர்களை வாசிப்பீர்கள். உங்களுக்குக் கண் மங்கிவிட்டது. நெஞ்சு வலியும் வந்துபோய்க்கொண்டிருந்தது. பெரிய எழுத்தில் யாராவது எழுதிக் கொடுத்தால் தேவலை என்றீர்கள்.

என் அப்பார்ட்மென்ட்டில் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. மருந்துக் கம்பெனியில் என் பிழைப்பே பட்டியல்களை ஒழுங்கு பண்ணுவதுதான். இது ரெண்டு மணி நேர வேலை ஆன்ட்டி என்றேன்.

"எனக்கு நாப்பது வருஷம் ஆச்சு, மிஸ்டர் கம்ப்யூட்டர்" என்றீர்கள். பெட்டிகளைக் கொடுக்கும்போது ஒன்றே ஒன்று சொன்னீர்கள்: இருக்கிறபடியே எழுது. எழுத்துப்பிழை வரக்கூடாது என்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதை நினைக்கும் என் புத்தி?

வீட்டுக்கு வந்து நான் செய்த முதல் காரியம், கத்தரிக்கோலை எடுத்து எல்லாத் தையலையும் வெட்டியது. கோத்துக் கிடந்தால் அடுக்க முடியாது. எல்லா டிக்கெட்டையும் தரையில் பரப்பி அகரவரிசைப்படி அடுக்கினேன். பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றினேன். பெயர், குடும்பப் பெயர், வயசு, வீட்டு எண். கதவு எதற்கு? தேவையில்லாத தகவல் என்று அதற்கு இடமே வைக்கவில்லை. கடைசியில், ஒரே ஆள் இரண்டு தடவை வந்திருந்தால் ஒன்றை எடுத்துவிட ஒரு புரோகிராம் எழுதினேன். அது ஒன்றே ஒன்றைப் பிடித்துக் கொடுத்தது. கம்ப்யூட்டரில் அழித்தேன். அந்த டிக்கெட்டையும் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டேன். எனக்கு ரொம்பத் திருப்தியாக இருந்தது.

என்னோடு தங்கியிருந்தவன் குகன். கொழும்பு வெள்ளவத்தைக்காரன், சிவில் இன்ஜினியர். எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கட்டின துணியோடு இங்கே வந்தவன். பிரின்டரிலிருந்து தாள் நீளமாக மடிந்து மடிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு முனையைத் தூக்கிப் படித்தான். பெயர், வயசு, வீட்டு நம்பர்.

"மச்சான், இப்பிடி வீட்டு நம்பரோட பேர் எழுதின தாளை நான் கடைசியா எங்கட ஒழுங்கையிலதான் கண்டனான். எரிக்க வந்தவன்ர கையில. வாக்காளர் இடாப்பு. அதுவும் நல்ல ஒழுங்காத்தான் இருந்தது" என்றான். ஒழுங்கை என்றால் அவர்கள் ஊரில் தெரு, இடாப்பு என்றால் பட்டியல். பிறகு, இதை அந்த மனுசியிடம் கொடுக்க முதல் ஒருக்கா யோசி என்றும் சொன்னான்.

இது கொல்கிறவன் பட்டியல் இல்லடா, நினைக்கிறவங்க பட்டியல் என்று பதில் சொன்னேன். கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்டதாக ஒரு நினைப்பு. அவன் தோளைக் குலுக்கிவிட்டுச் சமைக்கப் போனான்.

அந்த ஞாயிறு மத்தியானம் உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கண்ணாடி டம்ளரில் எலுமிச்சைத் துண்டு மிதக்கிற டீ. மேஜையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தாளை விரித்தேன். நீங்கள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை ஓட்டினீர்கள். நன்றி சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதற்குத்தான் காத்திருந்தேன்.

டிக்கெட்டுகளைக் கேட்டீர்கள். ரப்பர் பேண்ட் போட்ட கட்டுகளைக் கொடுத்தேன். ஒன்றை உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தீர்கள். ஓரத்தில் ஊசித் துளைகள் மட்டும் இருந்தன.

"நூல் எங்க?"

வெட்டிவிட்டேன் என்றேன். எழுத்து வரிசையில் போட அப்படித்தான் வசதி என்றேன். நீங்கள் தலையை மட்டும் ஆட்டினீர்கள். விரல் தாளில் கீழே இறங்கி ஒரு இடத்தில் நின்றது.

"ஹெர்ஷெல் ஒண்ணுதான் இருக்கு."

"அது டூப்ளிகேட் ஆன்ட்டி. அதே பேரு, அதே வயசு, அதே வீடு. ரெண்டு தடவ எழுதிட்டீங்க. ஒண்ண எடுத்துட்டேன்."

"எத எடுத்த?"

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"ஒண்ணு என் தம்பி. இன்னொண்ணு என் சித்தப்பா பையன். நீ எத எடுத்த?"

பெலா சித்தி, நான் பதினெட்டு வருஷம் படித்தவன். என் வாழ்க்கையில் இவ்வளவு எளிய கேள்விக்குப் பதில் தெரியாமல் நின்றதில்லை. முதலில் வந்ததை வைத்துக்கொள், பின்னால் வந்ததை அழி என்பதுதான் புரோகிராம். எது முதலில் வந்தது? நான் தரையில் அடுக்கியபோது எது மேலே கிடந்ததோ அது. எது மேலே கிடந்தது? குப்பை வண்டி வெள்ளிக்கிழமையே போய்விட்டது.

இதில் அசிங்கம் என்னவென்றால் இந்தத் தப்பை நான் செய்திருக்கவே கூடாது. எங்கள் அப்பாவோடு சேர்த்து அண்ணன் தம்பிகள் நாலு பேர். நாலு பேர் வீட்டிலும் மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயர், சங்கரலிங்கம். அதில் எனக்கும் இப்போது டெக்சாஸில் இருக்கிற பெரியப்பா பையனுக்கும் ஒரே இனிஷியல், ஒரே வயசு, ஒரே பள்ளிக்கூடம். அவன் வாங்க வேண்டிய அடியை நான் வாங்கியிருக்கிறேன்; நான் வாங்கிய மார்க்கை அவன் வீட்டில் காட்டியிருக்கிறான். மாமனார் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் எங்கள் அம்மா இன்றுவரை என்னை ராஜு என்றுதான் கூப்பிடுகிறாள். இப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவனுக்கு, செத்துப்போன தாத்தா பெயரை இரண்டு பேரப்பிள்ளைகளுக்கு வைத்திருப்பார்கள் என்று தோன்ற வேண்டாமா? கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததும் நான் யார் வீட்டுப் பிள்ளை என்பதே மறந்துபோய்விடுகிறது.

இதையெல்லாம் உளறினேன். நீங்கள் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். கோபமே இல்லாமல் சொன்னதுதான் என்னால் இன்னும் தாங்க முடியாதது.

மூன்றாம் மாடியில் எதிரெதிராக இரண்டு கதவு. இடது பக்கம் உங்கள் குடும்பம், வலது பக்கம் சித்தப்பா குடும்பம். இரண்டு ஹெர்ஷெலுக்கும் பதினாறு வயசு. உங்கள் தம்பி விசிலடிக்கிற ஹெர்ஷெல். சித்தப்பா பையன் பேசாத ஹெர்ஷெல். ஒருநாள் காலையில் சீட்டு வந்தது. கொண்டுவந்த ஆள் நடுவில் நின்று வாசித்தான். பெயர் இருந்தது, வயசு இருந்தது, வீட்டு எண் இருந்தது. கதவு இல்லை. எந்த ஹெர்ஷெல் என்று உங்கள் அப்பா கேட்டார். லிஸ்ட்டில் ஒன்றுதான் இருக்கிறது, நாளைக் காலை ஒரு ஆள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டான்.

அது எனக்குத்தான் என்றான் உங்கள் தம்பி. இல்லை எனக்கு என்றான் பேசாதவன். வேலைக்குக் கூப்பிடுகிறவன் பலசாலியைத்தான் கூப்பிடுவான், உனக்கு இருமல், நீ சும்மா இரு என்றானாம். அவன் அவ்வளவு நீளமாகப் பேசி நீங்கள் கேட்டதே இல்லையாம். உங்கள் தம்பி, எனக்கு ரயிலில் போக ஆசை, நீ எப்போதும் என் சாமானைத்தான் பிடுங்குவாய் என்றானாம். பந்துக்குச் சண்டை போடுகிற மாதிரி பகல் பூராவும் சண்டை. இரண்டு அம்மாக்களும் இரண்டு வாசலில் நின்றார்கள். அது உன் பிள்ளைக்கு வந்த சீட்டு என்று ஒரு வார்த்தை, இரண்டு பேரில் ஒருத்தி சொல்லியிருக்கலாம். ஒருத்தியும் சொல்லவில்லை.

"காலைல ரெண்டு பேரும் எறங்கினாங்க. ஒரே மூட்டை, ஆளுக்கு ஒரு பக்கம் பிடிச்சுக்கிட்டு. நான் கூடப் போனேன். ஆள் சேக்கிற எடத்து வாசல்ல இருந்தவன் லிஸ்ட்ல ஒரு டிக் போட்டான். ரெண்டு பேரையும் உள்ள விட்டான். அவனுக்கென்ன, ஒண்ணு அதிகம்."

பிறகு என் தாளை மடிப்பு மடிப்பாக மடித்தீர்கள்.

"அவங்க லிஸ்ட்லயும் ஒரு ஹெர்ஷெல்தான். உன் லிஸ்ட்லயும் ஒரு ஹெர்ஷெல்தான்."

நான் கதவுக்கு இடம் வைக்கவில்லை. அந்தச் சீட்டை எழுதியவனும் வைக்கவில்லை. அவன் யார், எந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுதினான், வேலை ஒழுங்காக முடிந்ததென்று அவனுக்கும் திருப்தியாக இருந்ததா? இந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. குகனிடம் போய்ச் சொன்னேன். அவன் என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டான்.

அடுத்த ஞாயிறு நானாகத்தான் வந்தேன். திட்டி அனுப்புவீர்கள் என்றுதான் நினைத்தேன். நீங்கள் ஊசியில் நூல் கோத்து வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். உட்காரு, வீட்டுக்குப் போகலாம் என்றீர்கள்.

ஐந்து ஞாயிறு. நான் பார்த்த அதிசயம் என்று யாராவது கேட்டால், பெரிய பாலத்தையோ ராக்கெட்டையோ சொல்ல மாட்டேன். அந்த ஐந்து ஞாயிற்றைச் சொல்வேன்.

நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள். வலது கை படிக்கட்டின் கைப்பிடியைப் பிடிப்பது போல மேஜை விளிம்பைப் பிடித்துக்கொள்ளும். பட்டறையிலிருந்து தினமும் எப்படி வீடு திரும்பினீர்களோ அப்படியே ஏறுவீர்கள். கீழ்த்தளம், இடது கதவு. ஜன்னல் பக்கம் முடிவெட்டுகிறவர் குடும்பம். சீட்டு வந்து போகும்போது முகக்கண்ணாடியையும் தூக்கிக்கொண்டு போனவர். அடுப்புப் பக்கம் அக்கா தங்கை இரண்டு பேர். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே ஜோடி ஷூ, ஒருத்தி வெளியே போனால் மற்றவள் வீட்டில். சுவரோரம் வாத்தியார், பள்ளிக்கூடம் மூடிவிட்டதால் படியிலேயே பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், மூன்று படி ஏறி ஒரு படி இறங்கினால் எத்தனை என்று.

நீங்கள் பெயரைச் சொல்லச் சொல்ல நான் டிக்கெட்டைத் தேடி எடுத்துத் தருவேன். எழுத்து வரிசையில் அடுக்கியிருந்ததால் ஒரு நொடியில் கிடைத்தது. "பரவால்ல, உன் படிப்பும் ஒரு வேலைக்கு ஆச்சு" என்றீர்கள். ஒரு குடும்பம் சேர்ந்ததும் ஓரத்தில் நாலு தையல். பழைய துளைகளிலேயே ஊசி போனது. மங்கிய கண்ணுக்கு அந்தத் துளைகள் எப்படித் தெரிந்தன?

நான் நம்பவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொழில் புத்தி. நாற்பது வருஷத்துக்கு முந்தைய வீட்டில் யார் எந்த மூலையில் படுத்தார்கள் என்று ஒருவருக்கு எப்படி நினைவிருக்கும்? முதல் ஞாயிறு சொன்ன வரிசையை ரகசியமாக எழுதி வைத்துக்கொண்டேன். மூன்றாவது ஞாயிறு ஏதோ மறந்ததைப் போல முதல் மாடியைத் திரும்பக் கேட்டேன். அப்படியே சொன்னீர்கள். ஒரே ஒரு கிழவர் மட்டும் இடம் மாறினார். பிடித்துவிட்டேன் என்று உள்ளுக்குள் நினைத்தேன். முதல் வாரம் அவர் ஜன்னல் பக்கம் என்றீர்களே என்று கேட்டேன்.

"அது வெயில் காலம். குளிர் வந்ததும் அவர அடுப்புப் பக்கம் மாத்திட்டாங்க. இருமுவாரு."

நான் பேனாவை மூடினேன். உங்கள் தலைக்குள் இருந்தது பட்டியல் இல்லை. அங்கே ஆட்கள் குடியிருந்தார்கள். குளிர் வந்தால் இடம் மாறினார்கள்.

மொத்தம் எத்தனை பேர் என்று ஒருமுறை கேட்டேன். எனக்கு எதற்கும் கீழே கூட்டுத்தொகை வேண்டும். எங்கள் வழக்கத்தில் ஆட்களை எண்ண மாட்டோம், அவர்களை எண்ணினவர்கள் வேறே என்றீர்கள். பிள்ளைகள் சாப்பிட உட்கார்ந்தால் தலையை எண்ணாதே, கண்ணு படும் என்று எங்கள் வீட்டிலும் அதட்டுவார்கள். பிறகு நான் எண்ணவே இல்லை.

கடைசி ஞாயிறு மூன்றாம் மாடி. உங்கள் கதவுக்கு வந்ததும் ஏறுவது மெதுவானது. அப்பா, அம்மா. அக்கா எஸ்தர், எஸ்தரின் எட்டு மாதக் குழந்தை ஆரோன். நீங்கள் பட்டறையில் இருந்த ஒரு பகலில் அவர்களையெல்லாம் கொண்டுபோய்விட்டார்கள். நீங்கள் படியேறி வந்தபோது கதவு திறந்து கிடந்தது. ஆரோனுக்குத் தைத்துக்கொண்டிருந்த சட்டையில் ஒரு கை பாக்கி.

என்ன சொல்வதென்று தெரியாமல், சம்பந்தமில்லாத ஒன்றைச் சொன்னேன். எங்கள் பாஷையில் ஆன்ட்டி என்று பொதுவாக ஒரு சொல் கிடையாது. அப்பாவோடு பிறந்தவள் வேறே, அம்மாவுக்கு மூத்தவள் வேறே, இளையவள் வேறே என்றேன்.

"அப்ப ஆரோன் என்னை என்னன்னு கூப்பிட்டிருப்பான்?"

"சித்தி."

இரண்டு தடவை சொல்லிப் பார்த்தீர்கள். சரியாகத்தான் வந்தது. பிறகு ஊசியை எடுத்துக்கொண்டு, அடுத்த டிக்கெட் என்றீர்கள்.

அடுத்தது ஹெர்ஷெல். என்னால் தொலைந்துபோனதைப் புதிதாக எழுதினீர்கள். எது பழையது, எது புதியது, யாருடையது எது என்று நான் கேட்கவில்லை. தம்பியை உங்கள் குடும்பத்தோடு தைக்கவில்லை. மற்றவனைச் சித்தப்பா குடும்பத்தோடும் தைக்கவில்லை. இரண்டு ஹெர்ஷெலையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, தனியாக நாலு தையல் போட்டு, இரண்டு கதவுக்கும் நடுவில் வைத்தீர்கள். பெட்டியை மூடினீர்கள். டீ ஆறிப்போயிருந்தது.

பிப்ரவரியில் ஆபீஸ் வேலையாக என்னை டெக்சாஸுக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்து கோட்டு பட்டனுக்காகக் கடைக்கு வந்தால், உங்கள் மெஷின் மேல் உறை போட்டிருந்தது. திங்கட்கிழமை மாரடைப்பு, செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிந்துவிட்டது என்று கடைக்காரர் சொன்னார். உங்கள் ஆட்களும் எங்கள் ஆட்களைப் போலத்தான், தாமதிக்க மாட்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை. பட்டனை நானே தைத்தேன். கோணலாக.

மார்ச்சில் உங்கள் சங்கத் தலைவர் போன் பண்ணினார். பெலாவின் அக்கா பையன் நீதானா என்று கேட்டார். ராங் நம்பர் என்று சொல்லப் போனேன்.

"பெலாவுக்கு அக்கா பையன் யாரும் மிச்சமில்ல, எனக்கும் தெரியும். ஆனா ஜனவரில அவ போன் பண்ணிச் சொன்னா. எனக்கு முடியாம போனா என் வீட்ட என் அக்கா பையன் வாசிப்பான், இதான் அவன் நம்பர்னு. இங்க மூணு ஷூ பெட்டியும் இருக்கு. வர்றியா?"

ஏன் என்னிடம் நேரில் சொல்லவில்லை? சொன்னால் நான் ஏதாவது கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிடுவேன் என்றா?

போன ஞாயிறு போனேன். நீங்கள் முதலில் குட்டை பண்ணிக் கொடுத்த பேன்ட்டைத்தான் போட்டுக்கொண்டேன். ஜெபக்கூட வழக்கப்படி வாசலில் தலைக்குத் தொப்பி கொடுத்தார்கள். ஹால் நிறைய வயசானவர்கள். ஒவ்வொருவராக எழுந்து அவரவர் வீட்டை வாசித்தார்கள். உங்கள் வீட்டின் முறை வந்ததும் ஒரு கறுப்புப் பையன் எழுந்து நிற்பதைப் பார்த்து ஒரு சலசலப்பு. தலைவர் எழுந்து, பெலாவின் வீடு என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் பெரிய எழுத்தில் அடித்து வைத்திருந்த தாளை நாற்காலியிலேயே வைத்துவிட்டு டிக்கெட்டுகளை எடுத்தேன். அவை கையில் இருந்தால்தான் படி தெரிந்தது.

மூன்றாம் மாடி. ஹெர்ஷெல் என்று குடும்பப் பெயரோடு வாசித்தேன். பதினாறு வயசு. அடுத்த டிக்கெட்டைத் திருப்பி, ஹெர்ஷெல், அதே குடும்பப் பெயர், பதினாறு வயசு என்று வாசித்தேன். முன்வரிசையில் ஒரு அம்மா கையைத் தூக்கினார். கனிவாகத்தான் சொன்னார்.

"தம்பி, அத வாசிச்சிட்டப்பா. ரெண்டாவது தடவ வருது."

"இல்லம்மா. ரெண்டு பேர். ஒரே சீட்டுல போனவங்க."

அந்த அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்தவரிடம் திரும்பி, ரெண்டு பேராம் என்றார். அவர் தனக்குப் பக்கத்தில் இருந்தவரிடம், ரெண்டு பேர். காது கேட்காத ஒருவருக்கு உரக்கச் சொன்னார்கள். வரிசை வரிசையாக அது பின்னால் போனது. போலிஷில், யூதர்கள் பேசும் இத்திஷில், இங்கிலீஷில். கடைசி வரிசைச் சுவர் வரை போய்ச் சேரும்வரை நான் அடுத்த டிக்கெட்டைத் திருப்பவில்லை. என் ஆயுளில் நான் அவ்வளவு பொறுமையாக நின்றதில்லை, சித்தி. எந்த லிஸ்ட்டிலும் ஏறாத அந்த இரண்டாவது பையனுக்கு ஒரு ஹால் முழுக்க இடம் விட்டுக்கொண்டிருந்தது.

இப்போது மூன்று பெட்டிகளும் என் அலமாரியில் இருக்கின்றன. குகன் அவற்றின் மேல் எதையும் வைக்க விடுவதில்லை. கம்ப்யூட்டரிலும் திரும்ப ஏற்றிவிட்டேன். கதவுக்கு இடம் வைத்திருக்கிறேன். மூலைக்கும் வைத்திருக்கிறேன், ஜன்னல் பக்கமா, அடுப்புப் பக்கமா என்று, வெயிலுக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று. எழுத்து வரிசை கிடையாது. கீழே கூட்டுத்தொகையும் கிடையாது. என் ஆபீஸில் யாராவது பார்த்தால் சிரிப்பார்கள்.

ஒரு வாக்கு தருகிறேன். இந்தக் கம்ப்யூட்டர் நாலு வருஷத்தில் குப்பைக்குப் போகும், அடுத்தது வரும். ஒவ்வொரு தடவையும் உங்கள் வீட்டை ஒரு கதவு மாறாமல் நானே தூக்கி அடுத்ததற்குள் வைப்பேன். தையல் நைந்தால் பழைய துளையிலேயே தைப்பேன். கோணலாக வராதபடி, தையல் தெரிந்த குகனிடம் வெட்டித் துணியில் பழகிக்கொண்டிருக்கிறேன். டெக்சாஸோ, கலிபோர்னியாவோ, எங்கே வேலை பார்த்தாலும் அந்த ஒரு ஞாயிறு இங்கே வந்து படியேறுவேன். மூன்றாம் மாடியில் இரண்டு தடவை சொல்வேன்.

ஆரோன் இருந்திருந்தால் இப்போது என்னைவிட எவ்வளவோ பெரியவர். அவர் இடம் அவருடையது, அதில் நான் உட்கார முடியாது. அவருக்குப் பின்னால் பிறந்தவனாக இருந்துவிட்டுப் போகிறேன்.

உங்கள் அக்காவின் இரண்டாவது பிள்ளை,
ஆரோனின் தம்பி,
ராஜு
எடிசன், நியூஜெர்சி